காலுக்கு ஒரு ரிக்கற்

1

இந்த நாட்டில் வந்திறங்கி முப்பத்துமூன்று வருடம் நிறைந்ததை முன்னிட்டு என் மனைவி சுகந்தி ரவைக் கேசரி கிண்டினாள். அதே கிழமைக்குள்தான் நான் ஒரு குற்றத்துக்கு உடந்தை என்ற செய்தியும் வந்தது. கேசரியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. மற்றதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு ஒரு விஷயம் முதலில் விளங்கவேண்டும். நான் இருப்பது கனடாவில் ஒரு பெரிய நகரம். பெயரைச் சொல்லமாட்டேன், என் மகள் ஆரணி இந்த நகரசபையில்தான் சம்பளம் எடுக்கிறாள். இங்கே பஸ்ஸில் ஏறி ஒருமுறை காசு போட்டால் சாரதி ஒரு துண்டுக் கடதாசி தருவார். அதற்கு ரான்ஸ்பர் என்று பெயர். அதைக் காட்டி இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ்ஸிலும் மாறி மாறி ஏறலாம். இப்போது சனமெல்லாம் ஓர் அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறது. துண்டு வாங்குவது என்னைப்போல நாலைந்து பிடிவாதக்காரர்தான். காசு கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் எனக்குச் சரிவராது.

அந்தத் துண்டின் பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: இதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. முப்பத்துமூன்று வருடமாக நான் அதை வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் மதித்திருப்பேனா என்பது வேறு கதை. எங்கள் ஆட்களுக்கு நேரம் மிஞ்சிக் கிடக்கும் எதையும் குப்பையில் போட மனம் வராது. கார் நிறுத்தக் காசு கட்டிய சீட்டைக்கூட, புறப்படும்போது அடுத்து வருகிறவனின் கையில் திணித்துவிட்டுத்தான் போவோம்.

அன்று வியாழக்கிழமை. கண் டொக்டரிடம் போய்விட்டு வீட்டுச் சந்தியில் இறங்கினேன். துண்டில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உயிர் இருந்தது. எதிர்ப் பக்கத்துப் பஸ் தரிப்பில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஒரு கையால் கைப்பையைக் கிண்டிக்கொண்டு மற்றக் கையில் ரெலிபோனோடு நின்றாள்.

"சில்லறை இல்லையடி. நோட்டுத்தான் கிடக்கு. இவங்கள் மிச்சம் தரமாட்டாங்கள். இப்ப போய் மாத்தவும் ஏலாது, பஸ் வந்திட்டுது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேட்டதுமே யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. தெருவைக் கடந்து ஓடினேன்.

"பிள்ளை, நீர் எவ்விடம்?"

"ஊர்காவற்றுறை அண்ணை."

"நான் புங்குடுதீவு. மடத்துவெளி."

பஸ் வந்து நின்றது. மேற்கொண்டு விசாரிக்க நேரமில்லாததால், தகப்பன் பெயர், கோயிலா சேர்ச்சா என்ற வழக்கமான கேள்விகள் ஒன்றும் இல்லாமலே துண்டை அவள் கையில் வைத்தேன்.

"இந்தாரும். இதிலை இன்னும் நேரம் கிடக்கு. காட்டிப்போட்டு ஏறும்."

அவள் ஏறிப் போனாள். நான் வீட்டுக்குப் போய், செய்த தருமத்தைச் சுகந்தியிடம் விபரமாகச் சொல்லி, இரண்டு இடியப்பம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

2

அடுத்த வியாழன் அதே தரிப்பில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக அந்த நேரத்துக்கு வந்து பார்த்தாளாம். பெயர் ஜெசிந்தா. கையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கடதாசி.

நடந்தது இதுதான். மூன்றாவது தரிப்பில் பரிசோதகர் இரண்டுபேர் ஏறியிருக்கிறார்கள். என் துண்டில் நான் வந்த பஸ்ஸின் இலக்கமும், வந்த திசையும், நேரமும் அடித்திருக்கிறது. நான் வந்த வழியே திரும்பிப் போகிற பஸ்ஸில் அவள் இருக்கிறாள். அப்படித் திரும்பிப் போவது குற்றமில்லை, ஆனாலும் சந்தேகப்பட்டு எங்கே எடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத பெண், "மை பிரதர் கிவ்" என்றிருக்கிறாள். பிரதர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்விட்டார் என்றிருக்கிறாள். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்று எழுதிக் கொடுத்த இளஞ்சிவப்புக் கடதாசியில் அது அப்படியே பதிவாகியிருந்தது. இப்படியாக, மடத்துவெளியில் இரண்டு தம்பிமாரோடு பிறந்த எனக்கு ஊர்காவற்றுறையில் ஒரு சகோதரி கிடைத்தாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணை, எனக்கு அடுத்த மாசம் அகதி விசாரணை. இப்பிடி ஒரு கேஸ் பதிஞ்சு கிடந்தால் ஃபைலை மூடிப்போடுவாங்கள் எண்டு கீழ்வீட்டு அண்ணை சொல்லுறார்."

இங்கே ஒவ்வொரு நிலவறையிலும் இப்படி ஒரு சட்டநிபுணர் வாடகைக்கு இருக்கிறார். எனக்கு அவர்கள்மேல் மரியாதை இல்லை.

"அந்தாள் கிடக்கட்டும். உம்மடை லோயர் என்ன சொன்னவர்?"

"பெருசா ஒண்டும் நடக்காது, ஆனா குற்றமில்லை எண்டு எழுத்திலை வாங்கிக்கொண்டு வந்தால் நல்லது எண்டவர். நான் என்ரை மகனை விட்டிட்டு வந்து நாலு வருசம் அண்ணை. பத்து வயசு அவனுக்கு. தங்கச்சியோடை நிக்கிறான். இந்தத் துண்டாலை அது பிந்தினால்..."

என் தருமம், என் இடியப்பம், அவளுடைய மகன்.

"பயப்பிடாதையும். கூப்பிடுற அண்டைக்கு நான் வாறன். நான்தான் தந்தனான் எண்டு சொல்லுறன்" என்றேன்.

3

இந்த இடத்தில் என் அம்மாவின் காலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவின் தங்கை நயினாதீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கென்று நாங்கள் குடும்பமாகப் போய், சின்னம்மா வீட்டில் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரப் படகில் குறிகட்டுவானுக்குத் திரும்புவோம். இறங்குதுறையில் பஸ் நிற்கும். படகு வந்தபிறகுதான் பஸ் வெளிக்கிடவேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆனால் எத்தனை பேர் வரும்வரை என்பதை யாரும் எழுதாமலேகூடத் தீர்மானிக்கவில்லை. சாரதி எஞ்சினை உறுமவிட்டுச் சனத்தை ஓடவைப்பார்.

அம்மா ஓடமாட்டாள். அவளுடைய உடம்பு அதற்கு ஏற்றதல்ல. படகிலிருந்து முதல் ஆளாக இறங்கி, நிதானமாக நடந்துபோய், பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்து, மற்றக் காலைத் தரையில் ஊன்றி நின்றுவிடுவாள். அப்படி நிற்கும் ஒரு தாயைக் கீழே தள்ளிவிட்டுப் போக எந்தச் சாரதிக்கும் தைரியம் வராது.

"அக்கா, ஏறுறதெண்டால் ஏறுங்கோ, இல்லாட்டிக் காலை எடுங்கோ" என்பார் நடத்துனர்.

"இந்தக் காலுக்கு ஒரு ரிக்கற் தாரும் தம்பி. மற்றக் கால் பின்னாலை வருது."

பிறகு நடத்துனரின் தாயாரின் சுகம் விசாரிப்பாள். தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்ததா என்று கேட்பாள். அதற்குள் அப்பா, தம்பிமார், பொதிகள், சின்னம்மா தந்துவிட்ட முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் வந்து சேரும். எங்கள் கடைசி ஆள் ஏறியதும் அம்மா காலை எடுத்துவிடுவாள்.

எங்கள் ஊர்ப் பஸ்ஸைப் புகழப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதில் நியாயம் என்பது சாரதியின் குணம், நடத்துனரின் பசி, அன்றைய சனம் ஆகியவற்றைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸுக்கு ஒருமுறை, படகுக்கு ஒருமுறை என்று கட்டிவிட்டு, மிச்சக் காசு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிடுவோம். நெடுந்தீவுச் சனம் பஸ் பிந்திப் படகைத் தவறவிட்டால் அந்த ரிக்கற்றை நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அம்மாவின் காலை மட்டும் நான் எப்போதும் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன். இங்கே கலியாண வீடுகளில் அந்தக் கதைக்கு நல்ல மதிப்பு.

4

ஆரணிக்கு இருபத்தாறு வயது. நகரசபையில் போக்குவரத்துத் திட்டப் பிரிவு. இந்த இரண்டு மணித்தியாலக் கணக்கைப் பார்க்கிற மேசைகளில் அவளுடைய மேசையும் ஒன்று. தகப்பன் உடந்தை என்று கேட்டதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நீங்கள் செய்தது பிழை. பின்பக்கத்திலை போட்டிருக்கு."

"பின்பக்கத்தை ஆர் வாசிக்கிறது?"

"எல்லாரும் இப்பிடிக் குடுத்தால் என்ன நடக்கும்? ஒருத்தர் காசு கட்ட, பத்துப்பேர் போவினம். மிச்சச் சனம் கூடக் கட்டவேண்டி வரும். அது ஃபெயரா?"

"சரி, நீ சொல்லு. அந்தப் பிள்ளை காலமை ஒரு கட்டடம் கூட்டுது, பின்னேரம் இன்னொரு கட்டடம். இடையிலை மூண்டு பஸ். முதல் வேலை முடிய ரண்டு மணித்தியாலம் செத்துப்போகும், திரும்பக் காசு. வடக்கு எல்லைத் தெருவைத் தாண்டினால் வேறை நகரசபை, அங்கையும் காசு. நேராப் போறவனுக்கு ஒருக்கா, சுத்திப் போறவளுக்கு மூண்டுதரம். அது ஃபெயரா?"

"எங்கையாவது கோடு போடத்தானே வேணும். சராசரிப் பயணத்தைப் பாத்துத்தான் ரண்டு எண்டு வைச்சிருக்கினம்."

"அந்தச் சராசரி ஆள் எந்த பஸ்ஸிலை வாறவர்? முப்பத்துமூண்டு வருசமா நான் காணேல்லை."

சுகந்தி நடுவில் புகுந்தாள். "ரண்டுபேரும் சாப்பிடுங்கோ. உங்களுக்கு ஏனப்பா ஊர் வேலை? போய் நான்தான் குடுத்தனான் எண்டு சொல்ல, உங்களுக்கும் ஒரு கடதாசி எழுதித் தருவாங்கள். பிள்ளைக்கு வேலையிடத்திலை மானம் போகும்."

உண்மையைச் சொன்னால், அன்று படுக்கப் போகும்போது, விசாரணை நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தால் நல்லது என்றுகூட ஒருமுறை நினைத்தேன். வீரம் என்பது எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைகிற சாமான்.

5

ரிக்கற் விசாரணைக்கு முந்தின ஞாயிறு ஜெசிந்தாவை வீட்டுக்குக் கூப்பிட்டோம். சேர்ச்சிலிருந்து நேராக வந்தாள். குசினிக்குள் போய்ச் சுகந்தியோடு நின்று வெங்காயம் உரித்தாள். கொஞ்சம் பயம் தெளியட்டும் என்று நான் கதிரையைக் குசினி வாசலில் போட்டு, என் பிரசித்திபெற்ற கதையை எடுத்துவிட்டேன். படகு, பஸ், அம்மாவின் கால், காலுக்கு ரிக்கற். ஆரணிகூடச் சிரித்தாள். நூறாவது தடவையாகக் கேட்கிறாள், பாவம்.

ஜெசிந்தாவும் சிரித்தாள். பிறகு வெங்காயத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்கடை அம்மா எங்கடை ஆக்களுக்காகவும் கால் வைச்சவவோ அண்ணை?"

"எந்த ஆக்கள்?"

"மீன்காறர். என்ரை அம்மா ஊர்காவற்றுறையிலை இருந்து கூடையோடை போறவ. பஸ் தரிப்பிலை நிக்காது. கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும். அம்மா ஆக்கள் கூடையோடை ஓடிப்போய்க் கிட்ட வர, எடுத்துக்கொண்டு போயிடுவாங்கள். உள்ளுக்கை இருக்கிற சனம் நாத்தம் எண்டு சொல்லும். ஏத்தினாலும் கூடைக்கு வேறை காசு. முன்னுக்கு ஒராள் காலை வைச்சுக்கொண்டு நிண்டிருந்தால் அம்மாவும் ஏறியிருப்பா எண்டு இப்ப நினைச்சன். வேறை ஒண்டுமில்லை."

குறையாகச் சொல்லவில்லை. உரித்த வெங்காயத்தைக் கழுவி, வெட்டத் தொடங்கினாள்.

எனக்குக் குறிகட்டுவான் துறை ஞாபகம் வந்தது. அங்கேயும் கூடைக்காரப் பெண்கள் இருந்தார்கள். படகின் பின்பக்கத்தில் இருப்பார்கள், கடைசியாக இறங்குவார்கள். எங்கள் பொதி ஏறி, அம்மா காலை எடுத்து, பஸ் நகரும்போது நான் யன்னலால் பார்த்திருக்கிறேன். கூடையோடு சிலர் ஓடிவந்துகொண்டிருப்பார்கள். ஒருத்தி கையைக் காட்டுவாள். அம்மா என்னைத் திருப்பி இருத்தி, கொறிக்கக் கச்சான் தருவாள். இதை நான் கதையில் ஒருநாளும் சேர்த்ததில்லை. மறந்ததால் அல்ல, கலியாண வீட்டில் அதற்குச் சிரிப்பு வராது.

"இல்லைப் பிள்ளை, வைக்கேல்லை" என்றேன். வெட்கமாக இருந்தது. ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் வரட்டும் என்ற யோசனையை அன்றோடு கைவிட்டேன்.

6

விசாரணைக்கு மூன்றுபேரும் போனோம். ஆரணி லீவு போட்டிருந்தாள். தான் நகரசபை ஆள் என்பதால் வாயைத் திறக்கமாட்டேன், பின்வரிசையில்தான் இருப்பேன் என்று மூன்றுமுறை சொன்னாள். பஸ்ஸில் அவள் அட்டையைத் தட்டினாள். நானும் ஜெசிந்தாவும் காசு போட்டுத் துண்டு எடுத்தோம். ஆளுக்கொன்று. பத்தேகால் என்று நேரம் அடித்திருந்தது.

அதிகாரி இருமல் மிட்டாய் சூப்பிக்கொண்டிருந்த ஒரு களைத்த மனிதர். மொழிபெயர்க்க ஒரு தம்பியை ஒழுங்கு செய்திருந்தார்கள். நல்ல பிள்ளை, சென்னைப் பக்கம். ஆம் என்பதற்கு ஜெசிந்தா "ஓம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் மந்திரம் தொடரும் என்று காத்திருந்தார். "அவர் தந்தவர், நான் வாங்கினனான்" என்றதற்கு என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். குற்றத்துக்கு உடந்தையானவனே குற்றவாளிக்கு மொழிபெயர்த்த அதிசயம் இந்த நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கள் இவருடைய சகோதரரா?"

"இல்லை. அண்ணை."

"அதாவது மூத்த சகோதரர்."

"அதுவும் இல்லை. பஸ் தரிப்பில் கண்டேன்."

அவர் மிட்டாயை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார். ஜெசிந்தா எழுந்து, துண்டைத் தானே கேட்டு வாங்கியதாகவும், அண்ணையில் பிழை இல்லை என்றும் அழுதபடி சொல்லத் தொடங்கினாள். நான் அது பொய், அவள் கேட்கவே இல்லை, தெருவைக் கடந்து ஓடிப்போய்க் கையில் திணித்தது நான்தான் என்றேன். இரண்டுபேரும் போட்டிக்குக் குற்றத்தை இழுத்தோம். பின்வரிசையில் ஆரணி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

கொடுத்தவரும் குற்றவாளிதான் என்பது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். இப்போது தெரியும் என்றேன். தன் மேசையில் நெடுநேரம் எதையோ தேடினார். பிறகு, கொடுத்தவர் தானாக வந்து ஒப்புக்கொள்வதற்கு இங்கே படிவம் இல்லை என்றார். படிவம் இல்லாததால் என்னை எச்சரித்து, எல்லா மொழியிலும் அச்சடித்த ஒரு கையேட்டைத் தந்தார். ஜெசிந்தாவுக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை, குற்றச்சாட்டு மீளப்பெறப்படுகிறது, பதிவில் எதுவும் இராது என்று கடிதம் அடித்து, கையெழுத்திட்டு நீட்டினார்.

ஜெசிந்தா கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"அண்ணை, இதிலை சீல் இல்லை."

"இஞ்சை சீல் வைக்கிற வழக்கமில்லை. கையெழுத்துக் காணும்."

"சீல் இல்லாத கடதாசியை ஆர் நம்புவினம்? நீங்கள் போங்கோ, நான் வாங்கிக்கொண்டு ஓடிவாறன்."

அரசாங்கக் கச்சேரியிலும் கிராம சேவகரிடமும் அடிபட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வட்டமாக ஒன்று ஊதாமையில் குத்தினால்தான் எங்களுக்கு மூச்சு வரும். அவள் ஒரு பெண் இருந்த கருமபீடத்தை நோக்கிப் போய்விட்டாள்.

7

தரிப்புக்கு வந்தபோது நேரம் பன்னிரண்டு ஐந்து. துண்டுகள் இறக்க இன்னும் பத்து நிமிடம். ஒரு மணிக்கு ஜெசிந்தா இரண்டாவது கட்டடத்தில் நிற்கவேண்டும். பஸ் தெருமுனையில் திரும்பியது. அவளைக் காணவில்லை.

"அடுத்தது எப்ப?" என்று ஆரணியைக் கேட்டேன்.

"இருபத்திரண்டு நிமிசத்தாலை" என்றாள். கணக்கு அவளுக்கும் தெரியும். அதில் வந்தால் துண்டு செத்துவிடும், வேலைக்கும் பிந்தும்.

பஸ் வந்து கதவு திறந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். நான் ஏறித் துண்டைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால், கட்டட வாசலில் ஜெசிந்தா. ஒரு கையில் கடிதம், மற்றக் கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறாள். இடையில் தெருவும் சிவப்பு விளக்கும். விளக்கு மாறாமல் அவளால் கடக்கமுடியாது. சாரதி கதவை மூடுகிற பொத்தானில் கையை வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். முப்பத்துமூன்று வருட ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

ஆரணி இன்னும் வெளியே நின்றாள். ஒரு காலைத் தூக்கிப் பஸ்ஸின் படியில் வைத்தாள். மற்றக் காலைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் நின்றாள்.

"ஏறுகிறீர்களா, இல்லையா?" என்றார் சாரதி ஆங்கிலத்தில். தலைப்பாகை கட்டிய, வயதான மனிதர்.

"ஏறுகிறேன். ஒரு ஆள் வருகிறார்."

"எனக்கு நேர அட்டவணை இருக்கிறது."

"தெரியும். எங்கள் அலுவலகத்தில்தான் போட்டது" என்றாள் என் மகள். பிறகு, குரலை மாற்றி, அவருக்கு இன்று எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, சாப்பிட்டாரா என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சாரதி பெருமூச்சு விட்டு, காலை ஐந்து மணிக்கு, இன்னும் சாப்பிடவில்லை என்றார். விளக்கு மாறியது. ஜெசிந்தா தெருவைக் கடந்து வந்தாள். மூச்சு வாங்க, கடிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில், அன்றைய திகதியோடு, 'கிடைக்கப்பெற்றது' என்ற, வருகிற கடிதங்களுக்குக் குத்தும் முத்திரை நீல மையில் கோணலாகக் குத்தியிருந்தது. கருமபீடத்துப் பெண் வேறு வழியில்லாமல் அகப்பட்டதைக் குத்தியிருக்கிறாள்.

"நல்ல வடிவான சீல்" என்றேன்.

ஜெசிந்தா படியேறித் துண்டைக் காட்டினாள். சாரதி நேரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆரணி மற்றக் காலைத் தரையிலிருந்து எடுத்தாள்.